இரண்டு ஓவர் ஆட்டக்காரர்

1924-ம் வருடக் கோடையில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரத்தில் ஒரு கவுன்ட்டி ஆட்டம். நார்தாம்ப்டன்ஷயரும் ஹாம்ப்ஷயரும் மோதின. நார்தாம்ப்டன்ஷயர் முதலில் பேட் செய்ய வந்தது. இரண்டு ஓவர்கள் வீசப்பட்டன. ஸ்கோர், விக்கெட் இழப்பின்றி 1. மழை வந்தது. மூன்று நாள் ஆட்டம் அதோடு சரி.

இப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தை யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கிரிக்கெட்டின் குறுக்குச்சந்துகளில் அலைகிறவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். காரணம், அன்று ஹாம்ப்ஷயருக்காக ஃபீல்டிங் செய்த பதினொரு பேரில் ஒருவர், ஃப்ரெட்ரிக் ஜே. ஹைலண்ட். அது அவருடைய முதல் முதல்தர ஆட்டம். அதற்குப் பிறகு அவர் இன்னொன்று ஆடவில்லை. பேட்டிங் செய்யவில்லை. பந்து வீசவில்லை. ஒரு விக்கெட்டும் விழவில்லை என்பதால் கேட்ச் பிடிக்கவும் வழியில்லை. பன்னிரண்டு பந்துகள் வீசப்படும்போது மைதானத்தில் நின்றார். அவருடைய முதல்தர கிரிக்கெட் வாழ்க்கை முழுவதும் அவ்வளவுதான்.

உலகத்திலேயே மிகக் குறுகிய முதல்தர கிரிக்கெட் வாழ்க்கை என்று அடிக்கடி சொல்லப்படுவது இதுதான். க்விஸ் நடத்துபவர்களுக்கு லட்டு மாதிரியான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் படித்துச் சிரித்துவிட்டுக் கடந்து போனேன். பிறகுதான் அந்தச் சிரிப்பில் என்னவோ சரியில்லை என்று பட்டது.

*

முதலில் அந்த இடத்தைப் பார்த்துவிடலாம். நார்தாம்ப்டன் செருப்பு, பூட்ஸ் தயாரிப்புக்குப் பேர் போன ஊர். ஊரின் கால்பந்து அணியைக்கூட 'காப்ளர்ஸ்', அதாவது செருப்பு தைப்பவர்கள் என்றுதான் அழைப்பார்கள். அந்தக் கால்பந்து அணியும் கவுன்ட்டி கிரிக்கெட் அணியும் ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொண்டன. 1994 வரை இந்தக் கூட்டுக்குடித்தனம் நடந்தது. கிரிக்கெட் ஆடுகிற பக்கம் திறந்தே இருக்கவேண்டும் என்பதால் கால்பந்துக்கு மூன்று பக்கம் மட்டும் கேலரி. கிரிக்கெட் அணி அதைவிடப் பரிதாபம். 1935 மே மாதத்திலிருந்து 1939 மே மாதம்வரை ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தைக்கூட ஜெயிக்காத அணி அது.

லார்ட்ஸோ ஓவலோ இல்லை, இந்த மைதானத்தில்தான் ஹைலண்ட் அறிமுகமானார். மழை பெய்தால் மைதானம் முழுவதையும் இழுத்து மூடுகிற விரிப்புகளோ, தண்ணீரை உறிஞ்சும் சூப்பர் சாப்பர் வண்டிகளோ அன்று கிடையாது. மழை நின்றாலும் தரை காயவேண்டும். தரை காய வெயில் வரவேண்டும். அதுவரை ஆட்டக்காரர்கள் பெவிலியனில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார்கள். மூன்று நாள் ஆட்டம் என்றால் மூன்றாவது நாள் மாலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

இதில் ஒரு விதி விசேஷமானது. ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்ட ஆட்டம் முதல்தர ஆட்டங்களின் கணக்கில் சேராது. ஒரே ஒரு பந்து வீசப்பட்டுவிட்டால் சேர்ந்துவிடும். டெஸ்ட் ஆட்டத்துக்கே இந்தக் கதி உண்டு. 1938-ல் ஓல்ட் ட்ராஃபோர்டில் நடக்கவேண்டிய ஆஷஸ் டெஸ்ட் மழையால் ஒரு பந்தும் வீசப்படாமல் போனது. பிராட்மன் ஆடவேண்டிய ஆட்டமாக இருந்தாலும், பதிவேட்டில் அதை டெஸ்ட் என்று யாரும் எண்ணுவதில்லை. 1970-71-ல் மெல்பர்னிலும் இதேதான். அங்கே டாஸ்கூடப் போட்டாகிவிட்டது. மழை விடவில்லை. ஏமாந்த ரசிகர்களைச் சமாதானப்படுத்த 1971 ஜனவரி 5 அன்று நாற்பது ஓவர் ஆட்டம் ஒன்றை நடத்தினார்கள். அதுவே முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டமாகிவிட்டது.

ஆக நார்தாம்ப்டனில் மழை கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், ஹைலண்ட் என்ற பெயரே முதல்தர கிரிக்கெட்டின் பதிவேட்டில் இருந்திருக்காது. அரை நாள் தள்ளி வந்திருந்தால் ஒரு கேட்ச் பிடித்திருக்கலாம், அல்லது ஒரு கேட்ச்சை விட்டிருக்கலாம். மறுநாள் வந்திருந்தால் பேட்டோடு இறங்கியிருக்கலாம். இரண்டு ஓவர் என்பது எவ்வளவு நேரம்? எட்டு நிமிடம், பத்து நிமிடம் இருக்குமா? அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒரு மனிதர் உள்ளே வந்தார். அதற்குள் கதவும் மூடிவிட்டது.

*

அவர் எப்படிப்பட்ட அணிக்குள் வந்தார் என்று தெரிந்தால்தான் அந்தப் பத்து நிமிடத்தின் எடை புரியும்.

அன்றைய ஹாம்ப்ஷயரின் கேப்டன் லயனல் டென்னிசன். ஆங்கிலக் கவிஞர் ஆல்ஃபிரட் டென்னிசனின் பேரன், பிரபு. 1921-ல் லீட்ஸ் டெஸ்டில் கையில் அடிபட்ட பிறகு, கிட்டத்தட்ட ஒற்றைக் கையால் பேட் செய்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 63, 36 என ரன் எடுத்த தைரியசாலி. சூதாட்டம், விருந்து, ஷாம்பெய்ன் என்று வாழ்ந்தவர். அணியின் விக்கெட் கீப்பர் வால்டர் லிவ்சி. இவர் டென்னிசனின் அந்தரங்க வேலைக்காரரும்கூட. பிரபுவின் கோட்டுக்கு இஸ்திரி போட்டு எடுத்து வைப்பதும் இவர்தான், ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பதும் இவர்தான்.

1922-ல் பர்மிங்ஹாமில் இந்த அணி ஓர் அற்புதம் செய்தது. வார்விக்ஷயருக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் ஹாம்ப்ஷயர் 15 ரன்னுக்கு ஆல் அவுட். எட்டுப் பேர் டக். ஃபாலோ ஆன் வாங்கி மறுபடி இறங்கியவர்கள் 521 எடுத்தார்கள். ஜார்ஜ் பிரவுன் 172. பத்தாவதாக இறங்கிய வேலைக்காரர் லிவ்சி 110 நாட் அவுட். கடைசியில் ஹாம்ப்ஷயர் 155 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த எட்டு டக்குகளும் இன்றுவரை பேசப்படுகின்றன. தோற்கிற மாதிரி தோற்றால்கூட வரலாற்றில் இடம் உண்டு. ஆனால் தோற்பதற்கும் ஒரு வாய்ப்பு வேண்டுமே.

அணியில் பெரிய மலைகள் இருந்தன. ஃபில் மீட் ஹாம்ப்ஷயருக்காக மட்டும் 48,892 முதல்தர ரன்கள் எடுத்தவர். ஒரே அணிக்காக இவ்வளவு ரன் எடுத்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. பந்துவீச்சில் அலெக் கென்னடி, ஜாக் நியூமன் ஜோடி. கென்னடி 1922 சீசனில் மட்டும் 200 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர், தன் மொத்த வாழ்க்கையில் 2,800-க்கு மேல். நியூமன் 2,000-க்கு மேல். வருடக்கணக்கில் அந்த அணியின் பந்துவீச்சைக் காளை மாதிரி இழுத்தவர்கள் இந்த இரண்டு பேரும்தான்.

மீட், கென்னடி, நியூமன், லிவ்சி எல்லோரும் 'புரொஃபஷனல்'கள். கூலிக்கு ஆடுகிறவர்கள். டென்னிசன் 'அமெச்சூர்', அதாவது கனவான். அன்றைய ஆங்கில கிரிக்கெட் இந்தக் கோட்டின் மேல்தான் நின்றது. பல மைதானங்களில் இரண்டு சாதிக்கும் தனித்தனி உடைமாற்றும் அறை. தனித்தனி வாசல் வழியாக மைதானத்துக்குள் வருவார்கள். ஸ்கோர் கார்டில் கனவானுக்கு இனிஷியல் முன்னால், கூலிக்காரருக்கு வெறும் பெயர் அல்லது பெயருக்குப் பின்னால் இனிஷியல். 1950 வாக்கில் லார்ட்ஸில் ஒலிபெருக்கியில் ஒரு திருத்தம் அறிவித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அச்சான கார்டில் ஃப்ரெட் டிட்மஸின் இனிஷியல் தவறுதலாகப் பெயருக்கு முன்னால் வந்துவிட்டதாம், பின்னால் வாசித்துக்கொள்ளவும் என்று. இனிஷியல் இடம் மாறினால் மானம் போய்விடும் என்று நினைத்த சமூகம். சாதிப் பெயர் எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்று சண்டை போட்டுப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமில்லை. 1962 கடைசியில்தான் இந்தப் பிரிவினையை ஒழித்தார்கள்.

கேப்டன் எப்போதும் கனவான்தான். அதன் அர்த்தம் என்ன என்பதற்கு நியூமனின் கதை போதும். 1922-ல் நாட்டிங்ஹாமில் ஒரு மாலை, பார்வையாளர்களின் கூச்சலில் எரிச்சலாகி, நியூமன் பந்து வீச மறுத்தார். டென்னிசன் அவரை மைதானத்தை விட்டு வெளியே போகச் சொன்னார். போகிற போக்கில் நியூமன் ஸ்டம்புகளை உதைத்துவிட்டுப் போனார். பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று. கடிதத்தின் வாசகங்களைச் சொன்னது டென்னிசன். எழுதி முடித்ததும் பையிலிருந்து ஐந்து பவுண்டு எடுத்துக் கொடுத்தாராம். இது அவருடைய பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்லப்படும் கதை. எனக்கென்னவோ இதில் பண்ணையார்தான் தெரிகிறார். அடித்துவிட்டு வேட்டி வாங்கிக் கொடுப்பாரே, அந்தப் பண்ணையார்.

ஹைலண்டும் புரொஃபஷனலாகத்தான் ஆடினார். 1964 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 70. அப்படியானால் நார்தாம்ப்டனில் முப்பது. முதல் உலகப் போர் தொடங்கியபோது இருபது. ஒரு ஆட்டக்காரன் அணிக்குள் நுழைகிற வயதில் இங்கிலாந்தில் நாலு வருடம் கவுன்ட்டி கிரிக்கெட்டே நடக்கவில்லை. அந்தத் தலைமுறையில் முப்பது வயதில் அறிமுகமாகும் புரொஃபஷனலுக்கு அது சாதாரண நாள் இல்லை. ஆடினால்தான் ஆட்டக் கூலி. அந்தக் கூலியிலிருந்துதான் ரயில் செலவும் தங்கும் செலவும். குளிர்காலத்தில் வேறு வேலை தேடிக்கொள்ளவேண்டும். அணியில் நிலைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டால் 'பெனிஃபிட்' ஆட்டம் ஒன்று நடத்தி வசூலைக் கையில் கொடுப்பார்கள், அதில் ஒரு கடையோ வீடோ வாங்கலாம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஏணி. ஹைலண்ட் முதல் படியில் கால் வைத்தார். மழை பெய்தது.

*

இதே 1924 கோடையில், இதே மழையில், இன்னொருவருக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. ஜாக் மெக்ப்ரையன். சாமர்செட் அணியின் தொடக்க ஆட்டக்காரர். ஜூலையில் ஓல்ட் ட்ராஃபோர்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் இங்கிலாந்துக்காக அறிமுகமானார். தென்னாப்பிரிக்கா 4 விக்கெட்டுக்கு 116 எடுத்திருந்தபோது மழை. மீதி ஆட்டம் நடக்கவே இல்லை. மெக்ப்ரையன் பேட் செய்யவில்லை, பந்து வீசவில்லை, விழுந்த நாலு விக்கெட்டில் அவர் கை படவில்லை. அதற்குப் பிறகு அவரை டெஸ்டுக்கு அழைக்கவில்லை. டெஸ்ட் ஆடி, பேட் செய்யாமல், பந்து வீசாமல், ஃபீல்டிங்கில் யாரையும் அவுட் ஆக்காமல் போன ஒரே ஆட்டக்காரர் என்று அவரைச் சொல்வார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே மழை. ஆனால் நனைந்த விதம் வேறு. மெக்ப்ரையன் கேம்பிரிட்ஜில் படித்தவர், கனவான். 1914-ல் போரில் காயம்பட்டு ஜெர்மானியரிடம் கைதியானவர். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஹாக்கியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர். முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் எடுத்தவர். மழை கெடுத்த அந்த டெஸ்டுக்கு அடுத்த வருடம் விஸ்டன் அவரை ஆண்டின் ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. 1983-ல், தொண்ணூறு வயதில் இறந்தார். டெஸ்டில் மழை விட்டுவைத்த காலியிடத்தைச் சுற்றி, நிரப்பப்பட்ட பக்கங்கள் அவருக்கு நிறைய இருந்தன.

ஹைலண்டுக்கு விஸ்டன் எழுதிய இரங்கல் குறிப்பு மூன்றே வாக்கியம். புரொஃபஷனலாக ஓர் ஆட்டம் ஆடினார் என்பது முதல் வாக்கியம். அந்த ஆட்டம் இரண்டு ஓவரில் முடிந்தது என்பது அடுத்தது. மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன்.

*

ஹைலண்டின் பதிவைப் புள்ளிவிவர அட்டவணையில் பார்த்தால் இப்படி இருக்கும். ஆட்டங்கள் 1. இன்னிங்ஸ் 0. ரன்கள் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. சராசரி, கோடு. விக்கெட், கோடு. கேட்ச் என்ற இடத்தில் மட்டும் 0.

நான் பிழைப்புக்கு டேட்டாபேஸ்களோடு மல்லுக்கட்டுகிறவன். அந்த அட்டவணையைப் பார்த்ததும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கோடும் பூஜ்யமும் ஒன்றில்லை. டேட்டாபேஸில் பூஜ்யம் என்பது ஒரு மதிப்பு. அளந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று பொருள். 'நல்' என்பது மதிப்பே இல்லாத நிலை. அளக்கவே இல்லை என்று பொருள். தமிழ் 'நல்' இல்லை, ஆங்கிலத்தது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதல் வருடத்தில் செய்கிற தவறு, காலியாக இருக்கிற இடத்திலெல்லாம் பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிவிடுவது. ப்ரோக்ராம் எர்ரர் காட்டாமல் ஓடும். ஆனால் வெளியே வருகிற சராசரி எல்லாமே பொய்.

பேட்டிங் சராசரி என்பது எடுத்த ரன்களை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுப்பது. ஹைலண்ட் ஒருமுறையும் அவுட் ஆகவில்லை, ஆகவே வகுக்கமுடியாது. பேட் பிடிக்காதவரின் பெயருக்கு எதிரே பூஜ்யம் போடாத அறிவு அன்றைய ஸ்கோரர்களுக்கு இருந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு, பென்சிலும் நோட்டும் வைத்துக்கொண்டு. கேட்ச்சுக்கு மட்டும் பூஜ்யம் போட்டது நியாயம்தான். பன்னிரண்டு பந்து நேரம் அவர் மைதானத்தில் நின்றார், கேட்ச் வந்திருக்கலாம், வரவில்லை. அளந்து எடுத்த பூஜ்யம் அது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னோடு இருந்த நண்பன் ஒருவனை அடுத்த ப்ராஜெக்டுக்கு எடுத்துவிட்டு, க்ளையன்ட் கடைசி நேரத்தில் பின்வாங்கியதால், பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தினமும் வந்து, கார்டைத் தேய்த்து, கான்டீனில் டீ குடித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போவான். ஏழெட்டு மாதம். வருடக் கடைசி அப்ரைசலில் அவனுக்குத்தான் கீழ்மட்ட ரேட்டிங். மேனேஜர் திறந்து காட்டிய எக்ஸெல் ஷீட்டில் பங்களிப்பு என்ற காலத்தில் 0 என்று இருந்ததாம். "வேலையே குடுக்கலையே சார்"னு கேட்டிருக்கான். "சிஸ்டம் அப்படித்தாம்பா காட்டுது"ன்னு பதில். இரண்டு மாதத்தில் அவன் அந்த வேலையில் இல்லை. நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்த வருடம் ரேட்டிங்குக்காகக் காத்திருந்தேன்.

ஹைலண்டைப் பற்றிச் சிரித்தபோது எது உறுத்தியது என்று அவனை நினைத்துக்கொண்டபோது புரிந்தது. க்விஸ் கேள்வியாக்கும்போது நாம் அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பூஜ்யம் எழுதுகிறோம். ஒன்றுமே செய்யாத கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்கிறோம். அவர் திறமைசாலியா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஒரு கவுன்ட்டி அணி மீட், கென்னடி பெயர்களோடு சேர்த்து எழுதுகிற அளவுக்கு அவரிடம் ஏதோ பார்த்தது. அதைச் சோதித்துப் பார்க்க விடவில்லை மழை. அதற்கடுத்து வந்த நாட்களில் சோதித்துப் பார்க்கவில்லை அணி. வாய்ப்பு கிடைக்காததைத் தோல்வி என்று எழுதிவிடுவது நமக்கு வசதியான கணக்கு. வாய்ப்பைக் கொடுக்கவேண்டியவர்களின் பெயர் அந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

*

இதைக் கவனித்த முதல் ஆள் நான் இல்லை. ஜாக் ஹாப்ஸின் வாழ்க்கையையும் வாலி ஹாமண்டின் வாழ்க்கையையும் எழுதிய ரொனால்ட் மேசன், விஸ்டனில் அந்த மூன்று வாக்கியங்களைப் படித்துவிட்டு ஹைலண்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். ஹெர்மன் மெல்வில்லைப் பற்றியும் புத்தகம் எழுதிய இலக்கிய விமர்சகர் அவர். திமிங்கிலத்தை எழுதியவரை ஆராய்ந்தவர், இரண்டு ஓவர் ஆட்டக்காரரிடமும் வந்து நின்றார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

விஸ்டனின் மூன்றாவது வாக்கியம் இதுதான்: ஹைலண்ட் பிற்காலத்தில் செஷயரில் நர்சரி வைத்து நல்ல பேர் எடுத்தார்.

செடி, நாற்று வளர்த்து விற்கிற நர்சரி. அன்றைய புரொஃபஷனல்கள் பலரும் கிரிக்கெட்டுக்குப் பிறகு இப்படித்தான் ஏதாவது ஒன்றைப் பிடித்தார்கள். உலகத்தையே பயமுறுத்திய ஹெரால்ட் லார்வுட் பிளாக்பூலில் மிட்டாய்க் கடை வைத்திருந்துவிட்டுப் பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனார். நியூமன் தென்னாப்பிரிக்கா போய் அங்கேயே இறந்தார். 48,892 ரன் எடுத்த மீட் கடைசிக் காலத்தில் கண்பார்வை இழந்தார். அவர்களோடு ஒப்பிட்டால், ஹைலண்டின் இரண்டாவது இன்னிங்ஸ் மோசமில்லை. அதில் அவர் பெயர் எடுத்தார் என்று விஸ்டனே சொல்கிறது.

லார்ட்ஸ் மைதானத்தின் ஒரு முனைக்கு 'நர்சரி எண்ட்' என்று பெயர். இளம் ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் இடம் என்பதால் வந்த பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அங்கே ஒரு செடி நர்சரியே இருந்தது. அன்னாசிக்கும் ட்யூலிப் பூக்களுக்கும் பேர் போனது. 1887-ல் எம்.சி.சி. அந்த நிலத்தை வாங்கி மைதானத்தோடு சேர்த்துக்கொண்டது. பூ விளைந்த இடத்தில் கிரிக்கெட் வந்தது. ஹைலண்டின் வாழ்க்கையில் அது திரும்பி நடந்தது.

செஷயர் மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். நர்சரிக்காரருக்கு மழை என்றால் முதலீடு. காலையில் எழுந்து வானம் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து ஹைலண்ட் சந்தோஷப்பட்ட நாட்கள் நிறைய இருந்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த நாட்களுக்கு ஸ்கோர் கார்டு கிடையாது. விஸ்டனின் மூன்றாவது வாக்கியம் மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டையும்விட அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.